வாசகர் கேள்வி பதில்: நாலு லெவலும் தெரியும், கேள்வி வந்தாத்தான் கை ஓடல

கேள்வி: சார், நான் எம்.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி முதல் வருஷம். புரோட்டீன் ஸ்ட்ரக்சரோட நாலு லெவலையும் பிரைமரி, செகண்டரி, டெர்ஷியரி, குவாட்டர்னரின்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன், ஆனா ஸ்ட்ரக்சர் எப்படி ஃபங்ஷனை முடிவு பண்ணுதுன்னு இன்டெர்னல்ல கேட்டா கை ஓடமாட்டேங்குது. எப்படிப் படிக்கிறது? (மாணவி, திருச்சி)

பதில்: அமினோ ஆசிட் வரிசை பிரைமரி, அது அங்கங்க சுருள், பட்டைன்னு அமையிறது செகண்டரி, முழு செயினும் மடிஞ்ச வடிவம் டெர்ஷியரி, பல செயின் சேந்து நிக்கிறது குவாட்டர்னரி. இந்த நாலையும் தனித்தனி தலைப்பா படிச்சா அப்படித்தாம்மா ஆகும். ஒரே ஒரு புரோட்டீனை எடுத்துக்கிட்டு நாலையும் அதுக்குள்ளயே பாருங்க. என்னைக் கேட்டா ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின். 141 அமினோ ஆசிட் உள்ள ஆல்ஃபா செயின் ரெண்டு, 146 உள்ள பீட்டா செயின் ரெண்டு, அவ்வளவுதான். பீட்டா செயின்ல ஆறாவது இடத்துல குளூட்டாமிக் ஆசிட் இருக்கணும், அங்க வேலின் வந்துட்டா சிக்கிள் செல் நோய். இதுவரைக்கும் எல்லாரும் எழுதிடுவாங்க, மார்க் இருக்கிறது இதுக்கப்புறம்தான். அந்த ஆறாவது இடம் புரோட்டீனோட வெளிப்பக்கம் இருக்கு, தண்ணிய பாத்துக்கிட்டு. குளூட்டாமிக் ஆசிட்டுக்கு சார்ஜ் இருக்கு, தண்ணியோட ஒத்துப்போகும், வேலினுக்கு தண்ணின்னாலே ஆகாது, ஒதுங்க இடம் தேடும். ஆக்சிஜனை விட்டதும் ஹீமோகுளோபினோட நாலு செயினும் கொஞ்சம் திரும்பி உக்காரும் இல்லையா, அந்த டீஆக்ஸி வடிவத்துல, பக்கத்து மாலிக்யூலோட பீட்டா செயின்ல 85வது ஃபினைல் அலனினும் 88வது லூசினும் சேந்த ஒரு குழி இவனுக்கு வாகா அமையுது, வேலின் போய் அதுல ஒட்டிக்குது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நீள நாரா வளந்து சிவப்பணுவையே அரிவாள் மாதிரி வளைச்சு விட்டுடுது. ஒரு அமினோ ஆசிட் மாறினது பிரைமரி, நாரா கோத்தது குவாட்டர்னரிக்கும் மேல. நடுவுல செயின் மடிஞ்ச விதத்துல பெரிசா எந்த மாத்தமும் இல்லைங்கிறதுதான் இதுல வேடிக்கையே.

கையோட புரோட்டீன் வடிவங்களைச் சேத்து வச்சிருக்கிற பிடிபி டேட்டாபேஸ்ல 2எச்பிஎஸ்னு (2HBS, இந்த சிக்கிள் ஹீமோகுளோபினோட நம்பர்) தேடி, கைமெரா எக்ஸ்ங்கிற (ChimeraX) சாஃப்ட்வேர்ல தொறந்து பாருங்க, படிக்கிறவங்களுக்கு ஃப்ரீதான். வேலின் குழிக்குள்ள போய் உக்காந்திருக்கிறதை கண்ணால பாக்கலாம். ஒரு விஷயம், சில இடத்துல இதையே ஏழாவது இடம்னு போட்டிருப்பாங்க, குழம்பிடாதீங்க, முதல்ல வர்ற மெத்தியோனினையும் சேத்து எண்ணினா ஏழு, அதை வெட்டி எடுத்தப்புறம் எண்ணினா ஆறு. இந்தியாவுல இந்த நோயை முதல்ல கண்டுபிடிச்சுச் சொன்னது நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான், 1952ல, விடையில ஒரு வரி சேத்துக்கலாம்.

கேள்வி: ராமச்சந்திரன் பிளாட்ல மத்த அமினோ ஆசிட் எல்லாம் ரெண்டு மூணு இடத்துல அடங்கி நிக்குது, கிளைசின் மட்டும் ஏன் கண்ட இடத்துலயும் போகுது? (மாணவர், திருநெல்வேலி)

பதில்: தம்பி, அந்தப் படம் மெட்ராஸ் யுனிவர்சிட்டியில போட்டது, ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூணு பேரும் 1963ல வெளியிட்டாங்க. அதுல இருக்கிற கேள்வி ரொம்ப சிம்பிள்: அமினோ ஆசிட்டுகளை இணைக்கிற பெப்டைட் பாண்ட் தட்டையா விறைச்சு நிக்குது, திரும்பக்கூடியது ஃபை, சைன்னு ரெண்டு கோணம்தான், அதுல எந்தெந்த ஜோடியில அணு ஒண்ணோட ஒண்ணு இடிக்காம இருக்கும்? இடிக்கிறதுல முக்கால்வாசி பீட்டா கார்பனோட, அதாவது சைடு செயினோட முதல் கார்பனோட வேலை. கிளைசினுக்கு பீட்டா கார்பனே கிடையாது, பக்கத்துல வெறும் ஹைட்ரஜன், அதான் இஷ்டத்துக்குத் திரும்புது. புரோலின் நேரெதிர், அதோட வளையம் ஃபை கோணத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

இதோட நிறுத்தாம எலும்பு, தோலுக்கெல்லாம் பலம் குடுக்கிற கொலாஜன் புரோட்டீனுக்கு வாங்க, அதுவும் ராமச்சந்திரன் ஏரியாதான், கோபிநாத் கர்த்தாவோட சேந்து 1954லயே மூணு இழை மாடலைச் சொன்னவர். மூணு இழையும் நெருக்கிப் பின்னும்போது நடுவுல இடமே இருக்காது, அதனால ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசின்தான் வந்தாகணும். அங்க வேற பெரிய ஆளு வந்து உக்காந்தா பின்னல் கெட்டுப்போகும், சில குழந்தைங்களுக்கு எலும்பு சும்மா சும்மா முறியிற நோய் பல நேரம் இப்படித்தான் வருது. பரீட்சையில கிளைசின்னு வந்தா பிளாட்டையும் கொலாஜனையும் சேத்தே எழுதிடுங்க.

கேள்வி: அமினோ ஆசிட் வரிசையைக் குடுத்தா புரோட்டீன் வடிவத்தைக் கணிச்சுக் காட்டுற ஏஐ, ஆல்ஃபாஃபோல்டு வந்து 2024ல நோபலும் வாங்கியாச்சு, இன்னும் எதுக்கு சார் இதெல்லாம் படிக்கணும்? (ஒரு வாசகர், கோவை)

பதில்: மேல சொன்ன அந்த ஆறாவது இடத்தை மாத்திட்டு ஒத்தை பீட்டா செயினை மட்டும் அதுல போட்டுப் பாருங்க, மாத்தினதும் மாத்தாததும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வரும், நோய் எங்க இருக்குன்னு படம் சொல்லாது. அப்புறம் ஆரஞ்சு கலர்ல வர்ற பகுதியை அப்படியே நம்பி புராஜெக்ட்ல ஒட்டுறாங்க, தயவுசெஞ்சு வேணாம், நம்பிக்கை ஸ்கோர் 50க்குக் கீழ, எனக்கே நம்பிக்கை இல்லைன்னு அதுவே சொல்ற இடம் அது.