கையெழுத்துப் போட்ட கம்பெனிகள்

வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

நாங்கள் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பிறையில் லாரி ஓட்டுகிறார். மூத்த மகன் ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் தேர்வு முடித்துவிட்டான். மூன்று பாடத்தில் கிரெடிட், கணக்கில் சுமார்தான். சமூகக் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இதற்கிடையில் ஒரு தனியார் பயிற்சி மையத்தார் எங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்து பேசினார்கள். நிறைய கம்பெனிகளோடு ஒப்பந்தம் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம், படித்து முடித்ததும் வேலை உறுதியாம். கடனையும் அவர்களே ஏற்பாடு செய்து தருவார்களாம். படமெல்லாம் காட்டினார்கள். என் கொழுந்தனார் இரண்டுமே வேண்டாம், பையனை நேராகப் பத்து காவானில் கிலாங்குக்கு (தொழிற்சாலைக்கு) அனுப்புங்கள், ஓவர்டைமோடு கை நிறைய வரும் என்கிறார். அக்கா மகள் கோலாலம்பூரில் யூனிவர்சிட்டியில் படிக்கிறாள். கல்யாண வீட்டில் 'உன் மகன் என்ன செய்கிறான்' என்று கேட்டால் எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கைத்தொழில் படிப்புக்கு மதிப்பு உண்டா ஐயா? கம்பெனி ஒப்பந்தம் என்று சொல்வதை நம்பலாமா? பெயர் போட வேண்டாம்.

ஒரு தாய், நிபோங் திபால்

பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். சமூகக் கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிடாதீர்கள். கடன் பாரத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இந்த வருடம் எனக்கு வந்த கடிதங்களில் உங்களுடையது நான்காவது.

கம்பெனி ஒப்பந்தம் என்றால் என்ன என்று நான் தெரிந்துகொண்டது பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில். 1972-இல் அங்கே தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கியபோது இண்டெல், ஹியூலட் பேக்கார்டு, போஷ், ஹிட்டாச்சி என்று வந்த கம்பெனிகளுக்கு வேண்டியிருந்தது கைகள்தான். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, மயிரிழைக் கம்பியைச் சில்லில் ஒட்டும் பெண்பிள்ளைகளின் கைகள். எண்பதுகளில் அந்த வேலையை மெஷினே செய்யத் தொடங்கியது. அப்புறம் மெஷினைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த டெக்னீஷியன் போதவில்லை. ஒரு கம்பெனி செலவு செய்து பழக்கிய ஆளை அடுத்த கம்பெனி கொஞ்சம் கூடக் கொடுத்து இழுத்துக்கொண்டது. இப்படி ஒருவர் ஆளை ஒருவர் இழுத்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது என்று புரிந்ததும், போட்டிக் கம்பெனிகளே சேர்ந்து உட்கார்ந்தன. மாநில அரசும் துணை நின்றது. 1989-இல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் அப்படித்தான் வந்தது. பிஎஸ்டிசி என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். கம்பெனிகள் தங்கள் மெஷினைக் கொண்டுவந்து வைத்தன. என்ன பாடம் வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். பாடம் நடத்த ஆளையும் அனுப்பினார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஆப்பரேட்டர். கம்பெனி என்னை அங்கே மாலை வகுப்புக்கு அனுப்பியது. எங்களுக்குப் பாடம் எடுத்தவர் எங்கள் கம்பெனிக்குப் போட்டியான கம்பெனியில் மெயிண்டனன்ஸ் பார்த்தவர். பயிற்சி மேஜையில் ஒரு காற்றுச் சிலிண்டர், ஒரு சென்சார், இவற்றை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டராக ஒரு பிஎல்சி. பொருள் வந்தால் சென்சார் பார்க்க வேண்டும், சிலிண்டர் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது வாரம் அவர் எங்களைக் காபி குடிக்க அனுப்பிவிட்டு எதையோ மாற்றி வைத்தார். திரும்பி வந்தால் சிலிண்டர் அசையவில்லை. பொருளை வைத்தால் சென்சாரில் சிவப்பு விளக்கு எரிகிறது, ஆனால் பிஎல்சிக்குச் செய்தி போகவில்லை. வயரை இழுத்துப் பார்த்தோம். ஸ்குரூவை இறுக்கினோம். ஒருவர் சென்சார் போய்விட்டது, புதுசு கொடுங்கள் என்றார். பாடம் எடுத்தவர் பேசாமல், மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரை நீட்டினார். 24 வோல்ட் சப்ளை சரியாக இருந்தது. பொருள் வந்ததும், சென்சார் செய்தி அனுப்பும் கறுப்பு வயரிலும் 24 வோல்ட் வர வேண்டும். பூஜ்யம் காட்டியது. டார்ச் அடித்து சென்சாரின் உடம்பில் இருந்த பொடி எழுத்தைப் படித்த பிறகுதான் பிடிபட்டது. பிஎன்பி வகை சென்சார் இருந்த இடத்தில், பார்க்க அச்சாக அதே மாதிரி இருக்கும் என்பிஎன் சென்சாரை மாட்டி வைத்திருந்தார். முன்னது பிளஸ்ஸை அனுப்பும், பின்னது மைனஸ் பக்கம் இழுக்கும். விளக்கு இரண்டிலும் எரியும். "போன மாசம் எங்க லைன்ல ராத்திரி ஷிஃப்ட்ல இதையேதான் மாத்தி மாட்டிட்டாங்க. மூணு மணி நேரம் லைன் நின்னுச்சு" என்றார்.

போன மாதம் ஒரு கம்பெனியில் பட்ட அடி, இந்த மாதம் எங்களுக்குப் பாடமாக வந்துவிட்டது. எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு சீக்கிரம் வராது. படிக்கிற இடத்துக்கும் கம்பெனிக்கும் உறவு இருக்கிறது என்றால் அது இப்படிப்பட்ட உறவாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு மனதில் பதிந்தது, இன்றுவரை மாறவில்லை.

இனி இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் தம்பி மகன் ஒரு தனியார் மையத்தில் படித்தான். அங்கேயும் கம்பெனி ஒப்பந்தம் இருந்தது. மேடை, பேனர், இரண்டு பக்கமும் கோட்டு போட்டவர்கள் கைகுலுக்கும் படம், எல்லாம் இருந்தன. பிராக்டிகல் என்று பதினாறு வாரம் ஒரு கிலாங்குக்கு அனுப்பினார்கள். முடித்து வந்தபோது அவனுடைய லாக் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். திங்கள்: ஸ்டோரில் பெட்டி அடுக்கினேன். செவ்வாய்: லேபல் ஒட்டினேன். புதன்: லேபல் ஒட்டினேன். வியாழன்: ஸ்டோர் கூட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் இதுதான், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சூப்பர்வைசர் கையெழுத்து, மையத்தின் முத்திரை. ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் "மோட்டார் கழற்றுவதைப் பார்த்தேன்" என்று எழுதி, அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தான். அந்தக் கோட்டை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. கற்றுக்கொள்ள எவ்வளவு ஆசையோடு போயிருக்கிறான் பிள்ளை.

ஆகவே, கம்பெனி கையெழுத்துப் போட்டிருக்கிறதா என்று கேட்காதீர்கள், கம்பெனி என்ன போட்டிருக்கிறது என்று கேளுங்கள். மெஷின் கொடுத்திருக்கிறதா? அந்த மெஷின் ஓடுகிறதா, இல்லை துணி போர்த்தி மூலையில் நிற்கிறதா? கம்பெனி ஆள் யாராவது வந்து வகுப்பு எடுக்கிறாரா? பிராக்டிகலில் பையனை எந்தப் பிரிவில் விடுவார்கள், யார் பார்த்துக்கொள்வார்கள், அலவன்ஸ் உண்டா? போன வருடம் முடித்த பிள்ளைகளில் எத்தனை பேரை அந்தக் கம்பெனிகள் எடுத்தன, அவர்களில் இரண்டு பேரோடு பேச முடியுமா? இதைக் கேட்டதும் நல்ல மையத்தார் சந்தோஷமாக உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவார்கள். பேச்சை மாற்றினால் நீங்கள் எழுந்து வந்துவிடலாம். காசு போடாத கம்பெனிக்கு அந்தப் பயிற்சி நன்றாக நடக்க வேண்டும் என்ற கவலை எங்கிருந்து வரும்?

அந்த மையத்தைப் பற்றி இன்னொன்றும் விசாரியுங்கள். மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்கேஎம் என்கிறோமே, அதைக் கொடுப்பது மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டுத் துறை. ஒன்றிலிருந்து மூன்று வரை சான்றிதழ், நான்காவது நிலை டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. மையத்துக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று மொத்தமாகச் சொன்னால் போதாது. எந்தப் படிப்புக்கு, எந்த நிலைக்கு, எந்தத் தேதி வரை என்று தனித்தனியாகத்தான் அங்கீகாரம் கொடுக்கிறார்கள். கடிதத்தைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். அவர்களே அச்சடித்துக் கொடுக்கும் தாளை வேலைக்கு எடுப்பவர்கள் பெரிதாக மதிப்பதில்லை. எலக்ட்ரிக்கல் என்றால் கூடவே ஒரு கேள்வி: எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் தகுதிக்கு இந்தப் படிப்பு வழிவிடுமா? வீட்டு வயரிங்கைத் தனியாக எடுத்துச் செய்ய நினைத்தால் அந்தத் தகுதிதான் அவனுக்குச் சோறு போடும். அப்புறம் கடன். மையத்தார் ஏற்பாடு செய்தாலும் திருப்பிக் கட்டப் போவது உங்கள் மகன். திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடனை வாங்கிப் படித்து மேலே வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கடனைக் குறை சொல்லவில்லை. ஒரு வரிகூடப் படிக்காமல் போடும் கையெழுத்துதான் பயமாக இருக்கிறது.

சமூகக் கல்லூரிகள் 2001-இல் தொடங்கியவை, உயர்கல்வி அமைச்சின் கீழ் நடப்பவை. கட்டணம் குறைவு, எஸ்பிஎம்மில் பெரிய புள்ளிகள் கேட்பதில்லை. பிள்ளை அங்கே ஒரு வருடம் படித்துவிட்டு மனம் மாறினாலும் கடன் கழுத்தைப் பிடிக்காது. உங்கள் குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். அதற்காக எல்லாச் சமூகக் கல்லூரியும் ஒன்றுபோல இருக்கும் என்று சொல்லமாட்டேன். ஒரு துறைத் தலைவர் பக்கத்துக் கிலாங்குகளுக்கு நடையாய் நடந்து பிள்ளைகளுக்கு நல்ல இடம் பிடித்துக் கொடுப்பார். இன்னொரு இடத்தில் மாணவனே தேடிக்கொள்ளட்டும் என்று பட்டியலை நீட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடமாக இருந்தால் பையன் பிராக்டிகல் தொடங்குவதற்கு நாலு மாதம் முன்பே கம்பெனிகளுக்கு எழுத ஆரம்பிக்க வேண்டும். மின்தூக்கி, குளிர்சாதனம், மெஷின் மெயிண்டனன்ஸ், இந்த மூன்று பக்கமும் முயற்சி செய்யச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் மாமா வேலை செய்யும் இடம், சித்தப்பா வேலை செய்யும் இடம் என்று எது எளிதோ அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். பதினாறு வாரம் வீணாகப் போய்விடுகிறது.

உங்கள் கொழுந்தனார் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. வீட்டுக் கஷ்டம் தெரிந்துதான் சொல்கிறார். இன்றைக்குச் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஓவர்டைம் சேர்ந்தால் பதினெட்டு வயதுப் பையனுக்குக் கை நிறையத்தான் தெரியும். ஆனால் ஆர்டர் குறைந்தால் முதலில் நிற்பது அந்த ஓவர்டைம். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் பத்தொன்பது வருடம் ஒரே மெஷினில் இருந்தார். அந்த மெஷினின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார், அப்படி ஒரு காது. ஆனால் கழற்றி மாட்ட அவரை யாரும் பழக்கவில்லை, கையில் ஒரு சான்றிதழும் இல்லை. லைனை மூடியபோது அவருக்கு நாற்பது வயது. செக்யூரிட்டி வேலைக்குப் போனார்.

வீட்டு நிலைமைக்குச் சம்பளம் உடனே வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம் 2005-இலிருந்து இருக்கிறது, எஸ்எல்டிஎன் என்பார்கள். ஜெர்மனிக்காரர்களின் முறையைப் பார்த்து வைத்தது. பயிற்சியில் எழுபது முதல் எண்பது விழுக்காடு வேலையிடத்திலேயே நடக்கும், மீதிதான் வகுப்பு, முடிவில் எஸ்கேஎம். அப்படி ஆள் எடுக்கும் கம்பெனி இருக்கிறதா என்று கொழுந்தனாரையே விசாரிக்கச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ மலேசியர்களை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டுகின்றன. தொழிலாளர் பயிற்சிக்காகவே உள்ள காசு அது. தொழிலாளியின் சம்பளத்திலிருந்து பிடிப்பதில்லை, முதலாளி தனியாகக் கட்டுவது. நம் ஆட்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. மனிதவளப் பிரிவில் போய், எனக்கு என்ன பயிற்சி இருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் கூச்சம் வேண்டியதில்லை. நான் கேட்டேன், அதனால்தான் அந்த மாலை வகுப்புக்குப் போனேன்.

கல்யாண வீட்டுக்கு வருகிறேன். பத்து காவானில் இப்போது கிலாங்குகள் நிற்கும் இடம் முன்பு செம்பனைத் தோட்டம். 2014-இல் இரண்டாவது பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்தின் முகமே மாறிவிட்டது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் கைத்தொழில்தான் செய்தார்கள், அதை நினைத்து நாம் வெட்கப்பட்டதில்லை. அவர்களுக்கு மெஷினை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். உங்கள் மகனுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு கல்லூரி கூப்பிட்டிருக்கிறது, அதுவும் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இத்தனை கம்பெனிகள் இருக்கிற நேரத்தில். அடுத்த கல்யாணத்தில் யாராவது கேட்டால் 'எலக்ட்ரிக்கல் படிக்கிறான்' என்று சத்தமாகவே சொல்லுங்கள். அக்கா மகளும் நன்றாகப் படித்து வரட்டும்.

பதிவு நாளன்று நீங்களும் கூடப் போங்கள். பட்டறையைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், காட்டுவார்கள். போவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுங்கள். பெரிய விலை இல்லை, டிஜிட்டலாக இருந்தால் போதும். வீட்டுப் பிளக்கில் வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முதலில் டார்ச் பேட்டரி, அப்புறம் அப்பாவோடு சேர்ந்து லாரி பேட்டரி. இன்ஜின் நிற்கும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு என்று அளந்து எழுதி வைக்கட்டும். ஓடும்போது ஏன் கூடுகிறது என்று அவன் கேட்டால் எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவனுக்கே தனியாகப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.