ஒசெல்டாமிவிரோட இருமல் பாணி குடுக்கலாமா?

வணக்கம் தங்கச்சி. அம்மாவின்ர இன்ஃபுளுவென்சாவுக்கு டொக்டர் ஒசெல்டாமிவிர் எழுதியிருக்கிறார், அவ இரவு முழுக்க இருமுறா, வெள்ளவத்தையில பார்மசியில வாங்கின பாணியைக் குடுக்கலாமா எண்டு கேட்டிருந்தீங்கள்.

ஒசெல்டாமிவிர் சாதாரண இருமல் மருந்துகளோட பெரிசா மோதாது. எனக்குப் பயம், அந்தப் போத்தில்ல வேற என்ன கலந்திருக்கு எண்டதுதான். லேபிளை வாசியுங்கோ. பரசிட்டமோல் இருந்தா, அவ போடுற பனடோலோட சேர்த்துக் கணக்குப் பாருங்கோ. 500 மில்லிகிராம் குளிசை 24 மணித்தியாலத்துக்கு 8க்கு மேல கூடாது. மெலிஞ்ச, வயசான ஆக்களுக்கு அதைவிடக் குறைவு. தெரியாமலே ரெண்டு வழியாலயும் உள்ள போய்த்தான் ஈரல் பழுதாகிறது. பிரஷருக்கும் குளிசை போடுறா எண்டபடியா மூக்கடைப்புக்குச் சேர்க்கிற, பிரஷரைக் கூட்டக்கூடிய சூடோஎபெட்ரின், ஃபினைலெஃப்ரின் உள்ள பாணி வேண்டவே வேண்டாம்.

சிறுநீரகப் பிரச்சினை இருந்தா டொக்டருக்குக் கட்டாயம் சொல்லுங்கோ, ஒசெல்டாமிவிரின்ர அளவையே குறைக்கவேண்டி வரும்.

கொவிட்டுக்குக் குடுக்கிற ரிட்டோனாவிர் சேர்ந்த குளிசை எண்டா கதையே வேற. அது மற்ற மருந்துகள் பலதை உடம்பில தேங்கவைக்கும், கேக்காமல் ஒண்டும் குடுக்காதீங்கோ.

அம்மாவுக்கு மூச்சு வாங்கினா விடியும்வரை பாத்திருக்காமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.