பெங்களூரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமாருக்கு ரசிகர்கள் எப்படி அஞ்சலி செலுத்துகிறார்கள்? தமிழர்களும் போகலாமா?

தாராளமாகப் போகலாம். நந்தினி லேஅவுட் பக்கம் இருக்கும் கண்டீரவா ஸ்டுடியோவில்தான் அவர் சமாதி. அப்பா ராஜ்குமார், அம்மா பார்வதம்மா சமாதிகளும் அங்கேயே. அவர் இறந்த அக்டோபர் 29, பிறந்தநாளான மார்ச் 17 இரண்டிலும் கூட்டம் அலைமோதும். சாதாரண நாளில் போனால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

மாலை, கற்பூரம், கட் அவுட் எல்லாம் நம் ஊர்க் கதைதான். ஆட்டோவின் பின் கண்ணாடியில் அவர் செல்லப்பெயரான 'அப்பு' ஸ்டிக்கர், டீக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பூ வைத்த அவர் படம். ஸ்ரீராம்புரம், அல்சூர் பக்கம் தமிழ் பேசும் ஆட்டோக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், "நம்ம அப்பு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர் பிறந்ததே சென்னையில். ராஜ்குமாரின் சொந்த ஊரான காஜனூர் இன்றைக்கு ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், இங்கே தனித்து நிற்பது கண்தானம். 2006-இல் ராஜ்குமார் இறந்தபோதும் கண்களைத் தானம் செய்தார்கள். 2021-இல் புனித்தின் இரண்டு கருவிழிகளையும் முன்னடுக்கு, பின்னடுக்கு என்று பிரித்து நான்கு பேருக்குப் பொருத்தினார்கள். முன்னடுக்கு கெட்டவருக்கு அது மட்டும், பின்னடுக்கு கெட்டவருக்கு இது மட்டும். அதற்கப்புறம் கண்தானத்துக்குப் பெயர் கொடுக்க ரசிகர்கள் குவிந்துவிட்டார்கள். பாலாபிஷேகத்தைவிட இது எவ்வளவோ மேல்.

நீங்களும் பதியலாம். ஆனால் வீட்டில் சொல்லி வையுங்கள்: இறந்த சுமார் ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்குத் தகவல் போக வேண்டும், அதுவரை மின்விசிறியை அணைத்து, இமைகளை மூடி ஈரத்துணி வைக்க வேண்டும்.