பணம் கட்டினால் தூதர் கிடைப்பாரா?

கேள்வி: சிங்கப்பூர் தேக்காவிலிருந்து மசாலாப் பொருள்களை ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றுக்கு அனுப்புகிறோம். சரக்கு அடிக்கடி சுங்கத்தில் மாட்டிக்கொள்கிறது. வணிகர்கள் சிலர் சேர்ந்து பணம் கட்டினால் அங்கே நமக்கென்று கௌரவத் தூதர் ஒருவரை நியமித்துத் தருவதாக ஓர் ஏஜெண்ட் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். தூதரை அரசாங்கம்தான் நியமிக்கும். கடையோ வணிகர் சங்கமோ முடியாது. 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி அனுப்பும் நாடு நியமன ஆணை தரவேண்டும், ஏற்கும் நாடு அனுமதி தரவேண்டும். இரண்டுமே ஏஜெண்ட் கையில் இல்லை. கார் சின்னம், தூதர் பாஸ்போர்ட் என்று ஆசை காட்டுவார்கள். பணத்தை ‘நன்கொடை’ என்பார்கள், ரசீது மட்டும் வராது. ‘நன்கொடை’ என்ற சொல் காதில் விழுந்ததுமே எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, அங்கே உண்மையான கௌரவத் தூதரே இருக்கிறார் என்று வையுங்கள். பெரும்பாலும் அவர் அந்த ஊர் வணிகராகத்தான் இருப்பார். நம் பாலஸ்டியர் சாலைக்குப் பெயர் தந்த ஜோசப் பாலஸ்டியரும் அமெரிக்கத் தூதராக இருந்துகொண்டே இங்கே கரும்புத் தோட்டம் நடத்தியவர்தான். இப்படிப்பட்டவர் அதிகாரியிடம் பேசலாம், வழக்கறிஞர் பெயர் சொல்லலாம். கண்டெய்னரை விடுவிக்கவோ, தாமதக் கட்டணத்தைக் கட்டவோ மாட்டார். உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க வேண்டியவர் அவர்.

கப்பல் விஷயம் மட்டும் வேறு. சிங்கப்பூர்க் கொடி பறக்கும் கப்பல் அந்த நாட்டுக் கடலில் தரைதட்டினால், அருகிலுள்ள நம் தூதரகத்துக்கு உடனே தெரிவிப்பது அந்நாட்டின் கடமை. கப்பலுக்கும் மாலுமிகளுக்கும் தூதர் உதவலாம். ‘எங்கள் சரக்கும் அதில்தானே இருக்கிறது?’ என்பீர்கள். இருக்கட்டும், அந்த ஏற்பாடு கப்பலுக்கானது, உங்கள் மிளகாய்த்தூளுக்கு அல்ல. கொடி வேறு நாட்டுடையது என்றால் அதுவும் இல்லை.

இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) மூன்றிலும் பெயர், எடை, சுங்கக் குறியீடு ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள். சுங்கச் செலவு யார் பொறுப்பு என்பதும், தகராறு வந்தால் சிங்கப்பூரில் நடுவர் தீர்ப்பு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வணிகர்களுக்கு உதவும் அரசு அமைப்பான என்டர்பிரைஸ் சிங்கப்பூரின் வெளிநாட்டு அலுவலகங்களையும் கேளுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இன்னொன்றைக் கைகாட்டும் வழக்கம் உண்டு. சிறு வணிகர் எத்தனை படிவம்தான் நிரப்புவார்? அலுப்பில்தான் பலர் ஏஜெண்டிடம் போய் விழுகிறார்கள்.

முன்பணம் ஏற்கெனவே கொடுத்திருந்தால் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாமல் மோசடி உதவி எண்ணான 1799க்கு அழையுங்கள்.