எழுத்துக்கூட்டத் திணறும் மகன்: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மதுரையில் பிறந்து, திருமணத்திற்குப் பின் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். கணவரின் குடும்பம் நான்கு தலைமுறைகளாக இங்கே இருக்கிறது. வீட்டில் புழங்குவது ஆங்கிலம்; நானும் மகனும் மட்டும் தமிழில் பேசிக்கொள்கிறோம். அவனுக்கு ஒன்பது வயதாகிறது. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைக் கூட்டி வாசிப்பதில் உள்ள குறைபாடு என்றும், ஓரளவு கவனச் சிதறலும் இருக்கிறது என்றும் கல்வி உளவியலாளர் அறிக்கை தந்திருக்கிறார். பள்ளியில் கிரேடு மூன்றைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். கற்றலில் திணறும் பிள்ளைகளுக்கான ரெமடியல் பள்ளியின் கட்டணம் எங்கள் சக்திக்கு மீறியது என்பதால், இந்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து வீட்டிலேயே கற்பிக்கிறேன். காலை முழுவதும் வாசிப்புப் பயிற்சிதான். பெரும்பாலும் அழுகையில் முடிகிறது. துறைமுகத்தில் கப்பல்கள் எப்படிச் சரக்கு ஏற்றுகின்றன என்று அரைமணி நேரம் பேசக்கூடியவனுக்கு ஒரு பக்கம் வாசிக்க முடியவில்லை. மாமியார் சோம்பல் என்கிறார். கணவர், தமிழ்தான் குழப்புகிறது, அதை நிறுத்து என்கிறார். வீட்டுக் கல்வியை அரசிடம் பதிவு செய்வது பற்றியும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நான் செய்வது சரிதானா?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

வீட்டில் கற்பிப்பதைத் தொடருங்கள், தமிழை நிறுத்தாதீர்கள், ஆனால் காலை முழுவதையும் வாசிப்புக்குக் கொடுக்கும் கால அட்டவணையை இன்றே கைவிடுங்கள். வார இறுதித் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தவன் என்பதற்கு மேல் எனக்குத் தகுதி ஏதுமில்லை என்பதை மனத்தில் கொண்டு மேலே படியுங்கள்.

1986ஆம் ஆண்டில் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்னும் இரு ஆய்வாளர்கள், வாசித்துப் பொருள் கொள்வதை இரண்டு திறன்களின் பெருக்கற்பலனாகக் காட்டினார்கள். எழுத்தை ஒலியாக மாற்றுவது ஒரு திறன். கேட்கும் மொழியைப் புரிந்துகொள்வது மற்றொன்று. அவர்கள் கூட்டல் என்று சொல்லவில்லை, பெருக்கல் என்றார்கள். ஒன்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மற்றொன்று சுழியத்தை நெருங்கினால் விடையும் சுழியத்தை நெருங்கிவிடும். கப்பல்களைப் பற்றி உங்கள் மகன் அரைமணி நேரம் பேசுகிறான் என்றால் இரண்டாவது திறன் அவனிடம் வளமாகவே இருக்கிறது. முதலாவதைச் சரிசெய்வதற்காகக் காலை முழுவதையும் செலவிடும்போது இரண்டாவது பட்டினி கிடக்கிறது என்பதுதான் என் கவலை. கிரேடு நான்கிலிருந்து மற்ற பிள்ளைகள் புதிய சொற்களையும் செய்திகளையும் பெரும்பாலும் புத்தகங்களிலிருந்து பெறத் தொடங்குகிறார்கள். தன்னால் வாசிக்க முடிந்ததை மட்டுமே கற்க அனுமதிக்கப்படும் பிள்ளை, பன்னிரண்டு வயதிலும் ஆறு வயதுப் பிள்ளையின் புத்தகத்தில் உள்ளதை மட்டுமே அறிந்திருப்பான். அப்போது எழுத்து கைவந்தாலும் அதன் வழியே உள்ளே செல்ல அறிவு போதாது.

ஆகவே வாசிப்புப் பாடத்தையும் மற்றப் பாடங்களையும் முற்றாகப் பிரித்துவிடுங்கள். வாசிப்புக்குக் காலையில் அரைமணி நேரமும், மாலையில் அதைவிடக் குறைவாக ஒரு முறையும் போதும்; ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது. அந்த நேரத்தில் ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள தொடர்பை எளியதிலிருந்து கடினமானதற்கு வரிசை தவறாமல் கற்பிக்க வேண்டும். முந்தைய நாள் கற்றதைத் திரும்பக் கேட்க வேண்டும். அதுவரை கற்ற எழுத்துகளால் மட்டுமே அமைந்த சிறு வாக்கியங்களை வாசிக்கவும், நீங்கள் சொல்லச் சொல்ல எழுதவும் வைக்க வேண்டும். படத்தைப் பார்த்தோ முதலெழுத்தைப் பார்த்தோ சொல்லை ஊகிக்கும் பழக்கத்தை அவனுக்கு யாராவது ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருந்தால், அதை மெல்ல மறக்கச் செய்யுங்கள். ஊகிப்பதில் கெட்டிக்காரர்களான பிள்ளைகள் கிரேடு மூன்று வரை பிடிபடாமல் தப்பித்து, படங்கள் குறைந்த பிறகே அகப்படுகிறார்கள்.

மணலிலோ அரிசியிலோ விரலால் எழுதிக்கொண்டே ஒலிப்பதை இன்று டிஸ்லெக்சியாவுக்கான பயிற்சி என்று விலைக்கு விற்கிறார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் செய்தது அதுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அதைக் கண்டு வியந்து, தம் பள்ளியில் புகுத்தி, பிரிட்டனுக்கும் கொண்டுபோனார். உங்கள் மகனுக்குப் பிடித்திருந்தால் செய்யுங்கள். ஆனால் பலன் தருவது மணல் அன்று, வரிசையும் மீள்பயிற்சியும்தான்.

மீதிப் பொழுது முழுவதும் செவிவழிக் கல்விக்கு. வரலாறு, அறிவியல், கதை ஆகியவற்றை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், ஒலிநூலாகக் கேட்க வையுங்கள், கைப்பேசியை உரக்க வாசிக்க விடுங்கள். கணக்கில் வரும் வாக்கியங்களையும் நீங்களே படித்துச் சொல்லுங்கள். அங்கே சோதிக்கப்படுவது கணக்கேயன்றி வாசிப்பு அன்று. கப்பல் மீது ஆசை கொண்ட பிள்ளைக்கு டர்பனில் பாடத்துக்குப் பஞ்சமில்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு இதே துறைமுகத்துக்கு வந்த ‘ட்ரூரோ’வில் தொடங்கினால், 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்த கதையையும், கரும்புத் தோட்டங்களையும், தன் தந்தை வழிப் பாட்டன்மாரையும் ஓர் எழுத்தும் வாசிக்காமலே அவன் கற்றுவிடுவான். விடைகளை அவன் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அது ஏமாற்று வேலை அன்று. இந்நாட்டுத் தேர்வுகளில் வினாவை வாசித்துக்காட்ட ஒருவர், விடையை எழுத ஒருவர், கூடுதல் நேரம் என்னும் சலுகைகள் முறையாகவே உண்டு. உளவியலாளரின் அறிக்கையையும் பழைய பள்ளி அறிக்கைகளையும் பத்திரப்படுத்துவது பின்னாளில் அச்சலுகைகளைக் கேட்டு விண்ணப்பிப்பதற்காகத்தான்.

உங்கள் கணவரின் ஐயத்துக்கு வருகிறேன். இரு மொழிகள் புழங்குவதால் டிஸ்லெக்சியா உண்டாவதில்லை. ஒரே குறைபாடு வெவ்வேறு எழுத்துமுறைகளில் வெவ்வேறு வடிவில் வெளிப்படுகிறது என்பதே உண்மை. ஆங்கிலத்தில் ‘தோ’ (though), ‘த்ரூ’ (through), ‘டஃப்’ (tough) ஆகிய மூன்று சொற்களும் ஒரே நான்கு எழுத்துகளில் முடிந்து மூன்று விதமாக ஒலிக்கின்றன. இத்தாலியம் அப்படிப்பட்டதன்று. இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோரில் டிஸ்லெக்சியா உள்ளவர்களை ஒப்பிட்டு 2001இல் வெளிவந்த ஆய்வு, மூளையில் காணப்படும் வேறுபாடு மூவருக்கும் ஒன்றே என்றும், இத்தாலியரே மற்றவர்களைவிடப் பிழை குறைவாக வாசிக்கிறார்கள் என்றும் காட்டியது.

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட மிகவும் ஒழுங்கானது. அதற்காகத் தமிழ் எளிது என்று எண்ணிவிடாதீர்கள். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்க, அதன் ஒலி பின்னே வருகிறது; ‘கொ’வில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது; ன, ண இரண்டும் ஒரு சுழியால் வேறுபடுகின்றன; ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரு சொல்லே ஒரு வரியை அடைத்துக்கொள்கிறது. ஒலித்தபடியே எழுதப்படும் ஜூலுவிலும் சொற்கள் இவ்வாறு நீள்வதால் அங்கும் இதே தொல்லை. ஆகவே இப்போதைக்குத் தமிழ்ப் பேச்சும் தமிழ்க் கதையும் தடையின்றி நடக்கட்டும். தமிழ் எழுத்தை ஆங்கில வாசிப்பு சற்று ஊன்றிய பிறகு, கொம்பு இல்லாத எழுத்துகளில் தொடங்கி, நெடுஞ்சொற்களைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டிக் கற்பிக்கலாம். தாயும் மகனும் மனம்விட்டுப் பேசும் மொழியை நிறுத்தினால் ஆங்கில வாசிப்பு வளராது, பேச்சுதான் குறையும்.

கண், செவிப் பரிசோதனைகளைச் செய்திராவிட்டால் செய்துவிடுங்கள். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அவற்றால் டிஸ்லெக்சியா தீரும் என்பதற்குச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2009லேயே கூறிவிட்டது.

பதிவைப் பொறுத்தவரை, 1996ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டத்திலேயே வீட்டுக் கல்விக்கு இடம் உண்டு. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ‘பெலா’ என்னும் அடிப்படைக் கல்விச் சட்டத் திருத்தம் அதைக் கடுமையாக்கியிருக்கிறது. மாகாணக் கல்வித் துறையிடம் விண்ணப்பித்துப் பதிவு பெற வேண்டும். கிரேடு ஒன்பது வரை ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு பிள்ளையின் கற்றலை மதிப்பிட வேண்டும். யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். விண்ணப்பத்துடன் உளவியலாளரின் அறிக்கையையும் இணைத்து, எல்லாவற்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியாருக்கு ஒரு செய்தி. 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்பு மதிப்பீட்டில் இந்நாட்டின் கிரேடு நான்கு மாணவர்களில் 81 விழுக்காட்டினருக்குப் பொருள் புரிந்து வாசிக்க இயலவில்லை. அத்தனை பிள்ளைகளும் சோம்பேறிகளாக இருக்க முடியாது. பெரும்பாலோருக்கு ஒழுங்காகக் கற்பிக்கப்படவில்லை. உங்கள் மகனுக்கு மற்றவர்களைவிடத் தெளிவான கற்பித்தல் தேவைப்படுகிறது, அவ்வளவே. டிஸ்லெக்சியா என்றாலே உள்ளே ஒரு மேதை ஒளிந்திருப்பதாகத் திரைப்படங்கள் பரப்பிய எண்ணத்தையும் வைத்துக்கொள்ள வேண்டாம். அவன் மேதையாக இல்லாமலும் இருக்கலாம், அப்போதும் அவனுக்கு வாசிக்கத் தெரிய வேண்டும்.

ஆறு மாதம் இவ்வாறு நடத்திப் பாருங்கள். மாதம் ஒரு முறை அவன் வாசிப்பதை ஒலிப்பதிவு செய்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றமும் காதுக்குத் தெரியும். அப்படியும் அசைவு தெரியாவிட்டால், பள்ளிக் கட்டணம் கட்ட இயலாதவர்களுக்கும் எட்டும் செலவில் வாரம் இரண்டு மணிநேரம் மட்டும் ஒரு ரெமடியல் ஆசிரியையை அமர்த்திக்கொண்டு, அந்தப் பாடத்திலிருந்து நீங்கள் விலகிவிடுங்கள். வீட்டுக் கல்வி என்றால் எல்லாவற்றையும் தாயே கற்பிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.