தூங்குமூஞ்சிப் பலகை மேசையில் விரிசல்

உங்கள் தூங்குமூஞ்சிப் பலகை மேசையில் விழுந்த விரிசலை எபாக்சி (கலந்து ஊற்றினால் இறுகும் பிசின்) ஊற்றி அடைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே ஊற்ற வேண்டாம். முதலில் இரும்புக் கால்களைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்துங்கள்.

இரண்டு அங்குலப் பலகையை அறுத்து ஆறே மாதத்தில் மேசையாக்கியிருக்கிறீர்கள். காற்றில் உலர்த்தினால் அங்குலத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு என்பது தச்சர்களின் பொதுக்கணக்கு. உலர உலரப் பலகை அகலவாக்கில் சுருங்கும். கால்களின் இரும்புச் சட்டத்தில் திருகு நுழையும் வட்டத் துளைகள் அதை நகரவிடாமல் இறுக்கியதால் இழைவழியே பிளந்திருக்க வேண்டும்.

விரிசலின் முனையில் பென்சிலால் கோடிட்டு, பலகையை வாரமொருமுறை எடைபோடுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் ஈரம் இன்னும் வெளியேறுகிறது என்று பொருள். எடை நிலைத்தபின் சட்டத் துளைகளை அகலவாக்கில் அரத்தால் ராவி நீட்டி, வாஷர் போட்டுத் திருகுங்கள். விரிசலுக்குக் குறுக்கே வண்ணத்துப்பூச்சிக் கட்டை (அந்த வடிவில் வெட்டிய மரத்துண்டு) பதிப்பதெல்லாம் (எனக்கும் அது பிடிக்கும்) அதன் பிறகுதான்.

மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் எடை நிலைத்ததுபோலத் தோன்றும். அதை நம்பி எபாக்சியைக் கலக்காதீர்கள்.