ஹாரோ வீட்டை விற்க எவ்வளவு கமிஷன் கொடுக்கலாம்?

கேள்வி: நானும் கணவரும் வேலை நிமித்தம் லண்டனில் பல வருடங்கள் இருந்துவிட்டு, இப்போது கோவைக்கே திரும்பி வந்துவிட்டோம். லண்டனின் ஹாரோ பகுதியில் இருக்கும் எங்கள் மூன்று படுக்கையறை வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். போன மாதம் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். விற்றுவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறோம். வாடகையைக் கவனித்துக்கொண்ட அதே ஏஜெண்ட், வீடு 5,60,000 பவுண்டுக்குப் போகும் என்கிறார். கமிஷன் 1.75 சதவீதம், அதற்கு மேல் வாட் வரி, 20 வாரம் அவர் மூலமாக மட்டுமே விற்க வேண்டும் என்று ஒப்பந்தமும் அனுப்பிவிட்டார். லண்டனில் இருக்கும் என் நாத்தனாரின் கணவர், "ஒரு சதவீதத்துக்கு மேல் கொடுக்காதே" என்கிறார். பேரம் பேசினால் ஏஜெண்ட் கோபித்துக்கொண்டு வீட்டைக் கவனிக்காமல் விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. இதற்கிடையில், வாடகைக்கு இருந்தவரின் நண்பர் ஒருவர் தானே வாங்கிக்கொள்வதாக எனக்கு நேரடியாக வாட்ஸ்ஆப் அனுப்பியிருக்கிறார். நாங்கள் இந்தியாவில் இருப்பதால் வாட் கட்ட வேண்டியதில்லை என்கிறார்களே, உண்மையா?
— வாசகி, கோவை

பதில்: அன்புள்ள வாசகிக்கு, முதலில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பதற வேண்டாம். ஏஜெண்டின் அலுவலகத்துக்குப் போகாமல் கோவையிலிருந்து மின்னஞ்சலில் கையெழுத்திட்டு முடித்த ஒப்பந்தத்தை, பிரிட்டனின் 2013-ம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாம். "உடனே வேலையைத் தொடங்குங்கள்" என்று நீங்களே எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும், அதுவரை நடந்த வேலைக்குக் காசு கேட்பார்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் வீட்டை விற்றுத்தரும் ஏஜெண்டுகளுக்குக் கமிஷன் பேரம் அன்றாட வேலை. சட்டம் நிர்ணயித்த விகிதம் என்று எதுவும் அங்கே கிடையாது. நம் ஊர் மாதிரி இரண்டு பக்கமும் வாங்குவதும் வழக்கமில்லை. விற்பவர்தான் கொடுப்பார், அதுவும் வீடு விற்றால்தான். ஒரே ஏஜெண்டிடம் கொடுத்தால் பொதுவாக 1 முதல் 2 சதவீதத்துக்குள் பேசி முடிப்பார்கள், வாட் தனி. உங்களிடம் கேட்டிருக்கும் 1.75-ஐ 20 சதவீத வாட்டோடு சேர்த்தால் 2.1 சதவீதம், அதாவது 11,760 பவுண்டு. கேட்டதும் தலையாட்டிவிடுகிற தொகையா இது? அவரும் குறைக்கச் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்துத்தான் இந்த எண்ணைப் போட்டிருப்பார்.

தூரத்தில் இருப்பதால் உங்கள் கை தாழ்ந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். ஏஜெண்ட் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். அங்கே விற்பனைகள் முறிவதற்குப் பெரிய காரணம் சங்கிலி: விற்பவர் வேறு வீடு வாங்கக் காத்திருப்பார், அந்த வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்குக் காத்திருப்பார். உங்கள் வீட்டில் அந்தச் சிக்கலே இல்லை. வீடு காலி, சாவி ஏஜெண்ட் கையில், எந்த நேரத்திலும் ஆள் கூட்டிப்போய்க் காட்டலாம், விற்ற பிறகு நீங்கள் வேறு எங்கும் வாங்கப்போவதில்லை. இப்படிப்பட்ட வீட்டை விற்பது சுலபம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ளுங்கள்.

அதற்கு இன்னும் இரண்டு ஏஜெண்டுகளை அழைத்து வீட்டை மதிப்பிடச் சொல்லுங்கள். இலவசமாகவே வருவார்கள். சாவியை வாங்கிக் கதவைத் திறந்துவிட உங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் போனால் போதும் (கமிஷன் பற்றி அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் இன்னும் நல்லது). மூவரில் ஒருவர் 6,20,000 என்று வானத்துக்குத் தூக்கிச் சொல்லக்கூடும். அதில் மயங்கிவிடாதீர்கள். ஒப்பந்தத்தைப் பிடிப்பதற்காக விலையை ஏற்றிச் சொல்லிவிட்டு, ஆறு வாரம் கழித்து "மார்க்கெட் மந்தம், குறைத்துக்கொள்வோம்" என்று வருவது அந்தத் தொழிலின் பழைய தந்திரம். உங்கள் தெருவில் எந்த வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்பது ஹெச்எம் லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசு நிலப்பதிவுத் துறையின் பொதுப்பதிவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள்.

விலையும் கமிஷனும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு. வீடு 10,000 பவுண்டு குறைவாகப் போனால் உங்களுக்குக் கிட்டத்தட்ட அத்தனையும் நஷ்டம். 1.75 சதவீத ஏஜெண்டுக்கு நஷ்டம் வெறும் 175 பவுண்டு. அதனால், கடைசி பத்தாயிரத்துக்காக வாங்குபவரோடு இன்னும் மூன்று வாரம் மல்லுக்கட்டுவதைவிட இன்றே முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது அவருக்கு லாபம். நாத்தனாரின் கணவர் சொல்கிறபடி சதவீதத்தை மட்டும் வெட்டினால் இந்த ஆர்வம் இன்னும் வற்றிவிடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் படிக்கட்டுக் கமிஷன் கேட்பேன். 5,60,000 வரைக்கும் 1 சதவீதம், அதற்கு மேல் கிடைக்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 சதவீதம். வீடு 5,75,000-க்குப் போனால் 5,600-ம் 1,500-ம் சேர்த்து 7,100, வாட்டோடு 8,520 பவுண்டு. அதே விலைக்கு அவர் கேட்ட 1.75 சதவீதம் வாட்டோடு 12,075 ஆகியிருக்கும். உங்களுக்கு 3,555 பவுண்டு மிச்சம். அவருக்கோ மேற்கொண்டு கொண்டுவரும் ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் 175-க்குப் பதில் 1,000 பவுண்டு. படி எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் லேண்ட் ரெஜிஸ்ட்ரி விலைகளைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள். அவரிடம் விட்டால் 5,30,000-லிருந்து தொடங்குவார். இந்த முறைக்கு அவர் ஒத்துவராவிட்டால், நேர் கமிஷனாக 1.25 சதவீதத்தில் நில்லுங்கள்.

ஃபோனில் பேசச் சங்கடமாக இருந்தால் மின்னஞ்சலே போதும், அதுதான் நல்லதும்கூட. நீட்டி முழக்க வேண்டாம். "இன்னும் இரண்டு பேர் மதிப்பிட்டுத் தந்திருக்கிறார்கள். வீட்டை ஏற்கெனவே அறிந்தவர் என்பதால் உங்களிடமே தர விருப்பம். இன்ன விகிதம், 20 வாரத்துக்குப் பதில் 8 வாரம், அதன்பின் இரண்டு வார நோட்டீஸ் என்றால் இந்த வாரமே கையெழுத்திடுகிறேன்" என்று எழுதிவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வரத் தாமதமானால், பதறி நீங்களே ஒரு படி இறங்கி இன்னொரு மின்னஞ்சல் போடாதீர்கள். நம்மவர்கள் பலரும் தோற்கிற இடம் அதுதான்.

இத்தனைக்கும் மேலாக எனக்குக் கவலை தருவது அந்த வாட்ஸ்ஆப் நண்பர். ஒப்பந்தத்தை எடுத்து, அதில் இருப்பது சோல் ஏஜென்சியா, சோல் செல்லிங் ரைட்ஸா என்று பாருங்கள். கேட்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். சோல் ஏஜென்சி என்றால் வேறு ஏஜெண்ட் மூலம் விற்கக் கூடாது, ஆனால் நீங்களே ஆள் பிடித்து விற்றால் கமிஷன் இல்லை. சோல் செல்லிங் ரைட்ஸ் என்றால் உங்கள் சொந்தத் தம்பிக்கு விற்றாலும் கமிஷன் உண்டு. பின்னது இருந்தால் அடித்துவிட்டு முன்னதைப் போடச் சொல்லுங்கள். அதோடு, இந்த நண்பரின் பெயரை எழுதி, "இவர் வாங்கினால் கமிஷன் கிடையாது" என்று ஒரு வரியையும் கையெழுத்துக்கு முன்பே சேர்க்கச் சொல்லுங்கள். ஏஜெண்ட் விளம்பரம் போட்ட பிறகு இந்த நண்பர் அதைப் பார்த்து ஏஜெண்டுக்கு ஒரு ஃபோன் போட்டுவிட்டால், "நான் அறிமுகப்படுத்திய ஆள்" என்று வழக்கு வளரும்.

"ரெடி, வில்லிங் அண்ட் ஏபிள் பர்ச்சேசர்" என்ற தொடர் கண்ணில் பட்டால் அதையும் நீக்கச் சொல்லுங்கள். வாங்கத் தயாராக, வசதியோடு ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாலே கமிஷன் கேட்கலாம் என்பது அதன் பொருள். நீங்கள் மனம் மாறி விற்காமல் விட்டாலும் பில் வரும். விற்பவரும் வாங்குபவரும் விற்பனை ஒப்பந்தங்களைக் கைமாற்றிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் ஆன பிறகே கமிஷன், அதையும் பணமும் வீடும் கைமாறும் கம்ப்ளீஷன் அன்று உங்கள் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) விற்ற பணத்திலிருந்து கொடுப்பார் என்று இருக்கட்டும். இந்த மூன்று தொடர்களில் எது ஒப்பந்தத்தில் இருந்தாலும் அதற்கான விளக்கத்தையும் எழுத்தில் தர வேண்டும் என்பது 1979-ம் ஆண்டு எஸ்டேட் ஏஜெண்ட்ஸ் சட்டத்தின் கீழ் உள்ள விதி. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த பிறகும் "நான் காட்டிய ஆள்" என்று எத்தனை காலம் உரிமை கொண்டாடலாம் என்பதற்கு 6 மாதம் என்று வரம்பு போடுங்கள்.

பழைய வாடகை ஒப்பந்தத்தையும் தேடி எடுங்கள். குடியிருந்தவருக்கோ அவரைச் சார்ந்தவருக்கோ வீட்டை விற்றால் கமிஷன் என்று சில ஏஜெண்டுகள் அதிலேயே ஒரு வரி வைத்திருப்பார்கள். கண்ணில் படாத மூலையில் போட்ட இத்தகைய ஷரத்து நியாயமற்றது என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2009-ல் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு வரி இருந்தால், புது ஒப்பந்தம் பேசும்போதே அதை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்குங்கள்.

வாட் விஷயத்தில் உங்களுக்குச் சொன்னது தவறு. நிலம், வீடு சம்பந்தப்பட்ட சேவைக்கு அந்தச் சொத்து இருக்கும் நாட்டின் வரிதான். நீங்கள் கோவையில் இருந்தாலும் குவைத்தில் இருந்தாலும் 20 சதவீதம் உண்டு. அதனால் எந்தத் தொகையையும் வாட் உட்படவே கேளுங்கள்.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. வாங்க வருகிறவர்களோடு ஏஜெண்டின் ஆள் கூடவே போய் வீட்டைக் காட்டுவது, வாரம் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்ப்பது, வாசலில் குவியும் தபாலை எடுத்து வைப்பது, இதெல்லாம் கமிஷனுக்குள் அடக்கம் என்று எழுத்தில் இருக்க வேண்டும். முன்பணமாக ஒரு சிறு தொகை வாங்கிக்கொண்டு இணையத்தில் விளம்பரம் போட்டுத் தரும் நிறுவனங்கள் மலிவுதான், ஆனால் அங்கே பெரும்பாலும் வீட்டுக்காரரேதான் கதவைத் திறந்து காட்ட வேண்டும், விற்காவிட்டாலும் பணம் திரும்பாது. கோவையில் இருக்கும் உங்களுக்கு அது ஒத்துவராது. வருகிற ஒவ்வொரு விலையையும் உடனுக்குடன் எழுத்தில் தெரிவிப்பது அங்கே ஏஜெண்டின் சட்டக் கடமை. "ஒருத்தர் கேட்டார், குறைவாக இருந்தது, நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்று பிறகு சொன்னால் ஏற்காதீர்கள். சண்டை முற்றினால் புகார் செய்ய, அவர் எந்தக் குறைதீர்ப்பு அமைப்பில் உறுப்பினர் என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். ஏதாவது ஒன்றில் சேர்ந்திருக்க வேண்டியது அவருக்குக் கட்டாயம்.

காலி வீடு, வெளிநாட்டில் உரிமையாளர் என்றால் ஆள்மாறாட்டக்காரர்களுக்கும் வசதி. லேண்ட் ரெஜிஸ்ட்ரியின் பிராப்பர்ட்டி அலர்ட் சேவையில் இன்றே பதிந்துவிடுங்கள். இலவசம்தான், உங்கள் பத்திரத்தில் யாராவது கை வைத்தால் மின்னஞ்சல் வரும்.

கமிஷன் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பிரிட்டனில் குடியிராதவர்கள் அங்கே வீடு விற்றால், வரி எதுவும் வராவிட்டாலும் கம்ப்ளீஷனிலிருந்து 60 நாட்களுக்குள் ஹெச்எம்ஆர்சி என்ற அந்நாட்டு வரித்துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஏஜெண்ட் கமிஷனையும் சொலிசிட்டர் கட்டணத்தையும் வாட்டோடு சேர்த்து லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். இந்தியக் கணக்கிலும் இந்த விற்பனை வரும், இரட்டை வரி ஒப்பந்தம் எப்படிப் பொருந்தும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் வீடு விற்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.